துவக்குக் குழலின் அமுக்கமும் அதன் அளவையும்: வலப்பனையை முன்னிறுத்திய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

இராகலையிலிருந்து வலப்பனைக்கு இறங்கும் பாதையில் ஓரிடத்தில் தேயிலை முடிவடைகிறது. அதற்குக் கீழே மானாப்புல்லும் பற்றைக்காடும், அவற்றுக்கும் கீழே படிபடியாக இறங்கும் வயல்களும் மரக்கறிப் பாத்திகளும் உள்ளன. மேலே தமிழ்த் தொழிலாளரின் லயங்கள். கீழே, தோட்டத்து மக்கள் 'நாட்டுப் பக்கம்' என்று குறிக்கும் சிங்களக் கிராமங்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பற்றைநிலத்திலேதான் காட்டுப்பன்றி நடமாடுகிறது. அங்கேதான் கட்டுத்துவக்கும் கட்டப்படுகிறது. ஒரு முனை அடைக்கப்பட்ட இரும்புக் குழாய், உள்ளே கருமருந்தும் ஈயத் துண்டுகளும், பன்றியின் தடத்துக்குக் குறுக்கே ஒரு நூல் என்பனவே அதன் உறுப்புகள். நூலைத் தட்டுவது பன்றியாயின் பயிர் தப்புகிறது. விறகு தேடி வந்த லயத்துப் பெண்ணாயின், அல்லது அந்தி நேரத்தில் குறுக்குவழியாக வீடு திரும்பும் கமக்காரனாயின், முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்குகிறது. மூன்றாவது சாத்தியம் ஒன்றும் உண்டு. குழாயே வெடித்து, அதைச் செய்தவனுடைய கையையும் முகத்தையும் சிதைப்பது அது. முதலிரண்டும் செய்தித்தாளில் இடம்பெறும். மூன்றாவது பெரும்பாலும் மறைக்கப்படும். அனுமதிப்பத்திரம் இல்லாத ஆயுதத்தால் காயப்பட்டவன் வைத்தியசாலைக்குப் போவதற்கே அஞ்சுகிறான்.

இம்மூன்றாவது சாத்தியமே எமது ஆய்வின் தொடக்கம். ஒரு குழல் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்ற வினாவுக்கு விடை காணும் முறைகள் 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் வளர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் துவக்கு வாணிபத்தின் அன்றாட நடைமுறையாகிவிட்டன. அதே நூற்றாண்டில் அதே பேரரசின் ஆட்சிக்குட்பட்ட வலப்பனையில் அவ்வறிவு ஏன் வேரூன்றவில்லை? அறியாமை, பின்தங்கிய நிலை என்ற விடைகள் இலகுவானவை. ஆனால் அவை விடைகளல்ல.

இலக்கிய மாணவன் ஒருவன் இதனை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டுமெனச் சிலர் வினவக்கூடும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எமது மலைநாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த எழுத்துக்களில் வேட்டை நூல்கள் முக்கிய இடம் பெறுவன. துவக்கை அறியாது அவற்றைப் படிப்பது யாப்பை அறியாது வெண்பாவைப் படிப்பது போன்றது. மேலும், பலாத்காரம் என்பது வெறும் மனவலிமையன்று, அது ஆயுதத்தையும் ஆயுதம் உற்பத்தியையும் சார்ந்தது என்பதை டூரிங்குக்கு எழுதிய மறுப்பில் ஏங்கெல்ஸ் விரிவாக நிறுவியுள்ளார். 1860-61இல் றைபிளின் வரலாற்றைத் தொடர் கட்டுரையாக எழுதியவரும் அவரே. உற்பத்திச் சாதனங்களைப் போலவே அளவைச் சாதனங்களும் வர்க்கச் சார்பற்றவை அல்ல என்பதே இங்கு நாம் சேர்த்துக் கூற விழைவது.

சொற்களைப் பற்றி ஒன்று கூறி அப்பாற் செல்லலாம். தமிழகத்தார் 'துப்பாக்கி' என வழங்குவதை நாம் 'துவக்கு' என்கிறோம். சிங்களத்தில் அது 'துவக்குவ'. மூன்றும் துருக்கிய மூலத்திலிருந்து வந்தவை. ஆனால் வாய்வழியாக மருந்தை இட்டு இடிக்கும் நாட்டுத் துவக்குக்கு வன்னி மக்கள் இட்ட 'இடியன்' என்ற பெயர் முற்றிலும் தமிழ். செயலிலிருந்து பிறந்த பெயர் அது. பயன்படுத்தியவன் இட்ட பெயர். வலப்பனையில் நாம் காணும் பழந்துவக்குகளும் அவ்வினத்தையே சேர்ந்தவை.

இனி அளவைக்கு வருவோம். 12ஆம் இலக்கச் சன்னத் துவக்கை எடுத்துக்கொள்வோம். இவ்விலக்கமே ஒரு பழைய அளவை: ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். மருந்து எரியத் தொடங்கி ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்குக்குள் அமுக்கம் உச்சத்தை அடைகிறது. அந்நேரத்தில் சன்னங்கள் அடிப்புறத்திலிருந்து சில சென்ரிமீற்றரே நகர்ந்திருக்கும். இக்காலத் தோட்டாக்களில் இவ்வுச்சம் சதுர சென்ரிமீற்றருக்கு 700 கிலோகிராம் அளவுக்குச் செல்லக்கூடும். அப்பொழுது அறையின் உருக்குச் சுவர் விரிகிறது. எவ்வளவு? சுவரின் தடிப்பு 4 மில்லிமீற்றர் என்று கொண்டு கணித்தால், 90 மில்லிமீற்றர் சுற்றளவு 0.07 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவாக நீள்கிறது. அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பு. அவ்வளவு நீண்டு, மறுகணம் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. திரும்பாது போனால் குழலில் வீக்கம் தோன்றும். அதற்கும் மேற்போனால் வெடிக்கும்.

வாயு தள்ளுவது அமுக்கம். சுவருக்குள் எழும் எதிர்ப்பு தகைப்பு. சுவர் தன் நீளத்துக்கு விகிதமாக நீள்வது விகாரம். இலங்கைப் பௌதிகப் பாடநூல்களைப் படித்தோர் இச்சொற்களை அறிவர். இலக்கணம் பயின்றோருக்கு 'விகாரம்' வேறொரு வழியிலும் பழக்கமானது. தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூலார் வகுத்த மூன்றில் நடுவணதே பொறியியலாளனின் விகாரத்துக்கு நெருங்கியது. துவக்கைப் பிடித்திருப்பவன் அஞ்சுவது மூன்றாவதை.

மருந்தின் ஆற்றலை முதன்முதலில் ஒழுங்காகக் கணிக்க முயன்ற பெஞ்சமின் றொபின்ஸ் தமிழ்மண்ணோடு தொடர்புடையவர் என்பது பலர் அறியாதது. 1742இல் வெளிவந்த அவரது நூல் ஊசற்கட்டையொன்றில் குண்டை மோதச் செய்து வேகத்தை அளக்கும் முறையை விளக்கியது. மருந்து பற்றும் கணத்தில் எழும் அமுக்கம் வளிமண்டலத்தினதைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு என அவர் கணித்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராகச் சென்னைக் கோட்டையைச் செப்பனிட அழைக்கப்பட்டு, 1751இல் கடலூரருகே புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். பீரங்கிக் கணிதம் எந்த வாணிபத்தின் கப்பலில் ஏறி எமது கரைகளுக்கு வந்தது என்பதற்கு இவ்வாழ்வே சான்று.

1790களில் றம்போட் பிரபு சிறு குழலொன்றின் வாயைப் பெரும் எடையால் மூடி, அவ்வெடையை உயர்த்தத் தேவையான மருந்தைக் கணக்கிட்டார். அவர் பெற்ற விடை 50,000 வளிமண்டலங்களுக்கும் மேற்பட்டது; மிகைக் கணிப்பு. உண்மைக்கு அண்மையான எண் கிடைக்க மேலும் எழுபதாண்டு சென்றது. நியூகாசிலில் ஆம்ஸ்ரோங்கின் பீரங்கித் தொழிற்சாலையைச் சேர்ந்த அன்று நோபிள், குழற் சுவரில் துளையிட்டு, அதனுள் ஓர் ஆடுதண்டையும் அதன் பின்னே சிறு செப்பு உருளையையும் வைத்தார். வெடிக்கும்பொழுது தண்டு உருளையை நசுக்கும். நசுங்கிய அளவைத் திருகுக் கணிச்சியால் அளந்து, முன்னரே தயாரித்த அட்டவணையோடு ஒப்பிட்டால் உச்ச அமுக்கம் தெரியும். வெடிமருந்து இரசாயனர் ஏபலோடு அவர் 1875இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருந்து தான் அடைபட்ட இடத்தை முற்றாக நிரப்பியிருக்கும்போது எழும் அமுக்கம் ஏறத்தாழ 6,400 வளிமண்டலங்கள். சன்னத் துவக்குகளின் அமுக்கம் இதனிலும் மிகக் குறைவாதலால் அவற்றை அளக்கச் செம்புக்குப் பதிலாக மென்மையான ஈயம் பயன்படுத்தப்பட்டது. ஆயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கும், பின் ஆறாயிரத்துக்கும் ஓடிய இவ்வெண்ணை நிலைபெறச் செய்தது தனிமனித மேதைமை மட்டுமன்று. பீரங்கி விற்பனையில் இறங்கிய பெருந்தொழில் முதலாளித்துவத்துக்கு அவ்வெண் தேவைப்பட்டது.

எண் தெரியாத காலத்திலும் குழல்கள் சோதிக்கப்பட்டன. இலண்டன் துவக்குத் தொழிலாளர் கழகம் 1637இலேயே அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாம் சோதனை மனை 1813ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டது. முறை எளிது: வழக்கமான அளவிலும் மிகுதியான மருந்தை இட்டு, ஆளில்லாத அறையில் வெடிக்கச் செய்வர். வெடிக்காது, வீங்காது தப்பிய குழலில் முடியும் குறுக்கிட்ட செங்கோல்களும் பொறிக்கப்படும். இது அமுக்கத்தை அளப்பதன்று. ஆயினும் ஆபத்தை மனித உடலிலிருந்து சுவரின் மறுபுறத்துக்கு மாற்றுவது. நாகரிகம் என்று இதனைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

ஆனால் யாருடைய உடலிலிருந்து? 1766இல் பேர்மிங்ஹாமைப் பார்வையிட்ட ஷெல்பேர்ன் பிரபு, ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சம் துவக்குகள் ஆபிரிக்காவுக்குச் செல்வதாகவும், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முதலிற் சுடுபவன் கையிலேயே வெடிப்பது நிச்சயம் என்றும் குறித்துள்ளார். தொகை மிகைப்பட்டதாயிருக்கலாம், செய்தியின் சாரத்தை ஐயுற இடமில்லை. அடிமை வாணிபத்தில் மனிதனுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட துவக்கு அது. அடுத்த நூற்றாண்டில் துவக்காளர் வில்லியம் கிறீனரே இத்தகைய கழிவிரும்புக் குழல்களைக் கண்டித்து எழுத நேர்ந்தது. ஒரே நகரத்தின் ஒரே தெருக்களில், ஆங்கிலேயக் கனவானுக்கு ஒரு குழலும் காலனிச் சந்தைக்கு வேறொரு குழலும் செய்யப்பட்டன. சோதனை முத்திரை இரும்பின் தரத்தைக் காட்டுவதோடு வாங்குபவனின் உயிருக்கு இடப்பட்ட விலையையும் காட்டுகிறது.

வாயொடுக்கம் பற்றியும் கூறவேண்டும். சன்னங்கள் பரந்து சிதறாமல் நெருங்கிச் செல்வதற்காகக் குழலின் வாயை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுக்குவதே 'சோக்' எனப்படும் உத்தி. நியூகாசிலைச் சேர்ந்த பேப் 1866இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1870களின் நடுப்பகுதியில் பேர்மிங்ஹாமின் டபிள்யூ. டபிள்யூ. கிறீனர் அதனைச் செம்மைப்படுத்தினார். அமெரிக்கர் தாமே முதல்வரென்பர். 40 யார் தொலைவில் 30 அங்குல வட்டத்துள் சன்னங்களில் எத்தனை விழுகின்றன என்று காகிதத் துளைகளை எண்ணி இதன் பயனை அளந்தனர்: ஒடுக்கமற்ற குழலில் நூற்றுக்கு 40, முழு ஒடுக்கத்தில் 70. இப்புதுமை சோதனை மனையையும் மாற்றியது. அகன்ற குழலுக்கேற்ற முழுக்குண்டை ஒடுங்கிய வாய்வழியே சுட்டால் குழல் சிதையுமாதலால், 1875க்குப் பின் அத்தகைய குழல்களில் குண்டுக்கு உரியதன்று என்ற எச்சரிக்கை பொறிக்கப்பட்டது. புதிய ஆபத்துத் தோன்றிய ஓரிரு ஆண்டுகளிலேயே அங்கே அதற்குரிய முத்திரையும் தோன்றிவிட்டது என்பதை மனத்திருத்துவது நல்லது.

இவ்வறிவு எமது மலைநாட்டுக்கு வராமலில்லை, துரைமாரோடு வந்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கரின் வேட்டை நூல்களில் மருந்தின் எடை திராமளவுக்கும் கணக்கிடப்படுகிறது. பிறிஸ்ரல் கிப்ஸ் அவருக்கென 1840இல் செய்த றைபிள் 21 இறாத்தல் எடை; குழல் 36 அங்குலம்; ஒரு வெடிக்கு 16 திராம், அதாவது முழு அவுன்ஸ் மருந்து. சாதாரணத் துவக்கை நொறுக்கக்கூடிய இவ்வளவை அவர் துணிந்து இட்டமைக்கு அவரது வீரம் மட்டும் காரணமன்று. குழலின் தடிப்பை அறிந்த ஒரு தொழிற்சாலை அவர் பின்னே நின்றது. அந்நூல்களில் துவக்கின் எடை துல்லியமாக உண்டு. அதைச் சுமந்தவர் பெரும்பாலும் 'துவக்குத் தூக்கிகள்' மட்டுமே.

கண்டி நாட்டார் துவக்கு அறியாதவரும் அல்லர். பூட்டு இடப்பக்கத்தில் அமைந்த, பிடி இரண்டாகப் பிளந்து சுருளும் அழகிய துவக்குகளை அவர்களது கம்மாளர் செய்தனர். வவ்வால் வாழும் குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்புப் பெறப்பட்டதை 1821இல் வெளிவந்த நூலில் ஜோன் டேவி விவரித்துள்ளார். தலைமுறையாகக் கைமாறிய அனுபவம் அங்கே அளவையின் இடத்தில் நின்றது. 1817-18இல் ஊவாவில் மூண்டு வலப்பனையிலும் பரவிய கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டபின், அக்கைவினை அரசின் ஆதரவை இழந்தது மட்டுமன்றி அரசின் ஐயத்துக்கும் ஆளாயிற்று. பேர்மிங்ஹாம் கம்மாளன் சோதனை மனையை நோக்கிச் சென்ற அதே பத்தாண்டில் கண்டிக் கம்மாளன் தலைமறைவை நோக்கித் தள்ளப்பட்டான்.

1848இல் தேசாதிபதி டொறிங்டன் விதித்த வரிகளில் துவக்கு வரியும் ஒன்று: துவக்கொன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டரைச் சிலிங். அவ்வாண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு இவ்வரியும் நாய்வரியும் வீதிச்சட்டமும் உடனடிக் காரணங்கள். வரியின் தொகையை விடவும் அதன் பொருளே கமக்காரனைச் சினமூட்டியது. துவக்கும் நாயும் அவனுக்கு வேட்டை விளையாட்டுக்கானவை அல்ல. நெல்லைக் காக்கும் உழவுக் கருவிகள். பேக்கர் நுவரெலியாவில் வேட்டைநாய்களோடு குடியேறியதும் அதே 1848இல் என்பது தற்செயல். ஆனால் கருத்தூன்றத்தக்க தற்செயல். கிளர்ச்சியின் பின் வரி தளர்ந்தது, பதிவு நிலைத்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின் மையமும் அனுமதிப்பத்திரமே. ஆங்கிலேய அரசு தன் நாட்டில் குழலை அளந்தது. இங்கே குழலை எண்ணியது. அளப்பது சுடுபவனைக் காப்பதற்கு; எண்ணுவது சுடுபவனிடமிருந்து தன்னைக் காப்பதற்கு.

வலப்பனையின் பெயர் இலங்கை வரலாற்றில் நிலைபெற்றது வேறொரு கொடுமையால். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பெருந்தோட்டத்தோடு கிராமத்தின் சிறு கோப்பி வருவாயும் மறைந்தது. அவ்வேளையில் 1878ஆம் ஆண்டின் தானியவரிச் சட்டம் இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. 1880களின் முற்பகுதியில் வரி நிலுவைக்காக வலப்பனைக் கமக்காரரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன; பலர் ஊர்விட்டு அலைந்தனர்; பசியாலும் நோயாலும் மடிந்தனர். நுவரெலியா உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியே இதனை வெளிப்படுத்தினார். எதிர்ப்பு இங்கிலாந்துவரை எட்டி, 1892இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. நிலத்தை மீட்டவனும் மீட்காதவனும் காட்டோரத்துக்கே ஒதுங்கினர். காட்டோரத்தில் பயிரிடுபவனுக்குப் பன்றி அயல்வீட்டுக்காரன். முத்திரையிட்ட துவக்கு வாங்க வழியற்ற அவனுக்குக் குழாயே துவக்காயிற்று. கட்டுத்துவக்கின் பெருக்கத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது பொருந்தாது. எனினும் இந்த நிலவறுமையைத் தவிர்த்து அதனை விளக்குதல் இயலாது.

லயத்துத் தொழிலாளிக்குத் துவக்கோடு இருந்த உறவு இன்னும் எளியது. தலைமுறைகளாக அவன் கண்டது குழலின் வாய்ப்புறத்தை மட்டுமே. அயலிலுள்ள ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் 1940 சனவரி 10ஆம் நாள் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் வீழ்ந்தபொழுது, அக்குழலின் தரத்தில் ஐயமெதுவும் இருக்கவில்லை.

கோவிந்தன் வீழ்வதற்கு ஈராண்டுக்கு முன், 1938இல், அமெரிக்காவில் சிமன்ஸ், றூஜ் என்ற இருவர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே கருவியை உருவாக்கினர். றூஜின் நோக்கம் நிலநடுக்கத்தில் நீர்த்தாங்கிகள் எவ்வாறு நெளியும் என்பதை அறிவது. மெல்லிய கம்பியை உலோகத்தின்மேல் ஒட்டினால், உலோகம் நீளும்போது கம்பியும் நீண்டு அதன் மின்தடை மாறும்; 1856இல் கெல்வின் கண்ட உண்மை இது. நாம் மேலே கணித்த தலைமயிரளவு நீட்சிக்குத் தடையில் ஏற்படும் மாற்றம் நூற்றுக்கு 0.15 அளவே. உவீற்ஸ்ரன் பாலத்தின் துணையால் அதனைப் பதிவு செய்யலாம். குழலில் துளையிடத் தேவையில்லை. நசுங்கிய ஈயம் உச்சத்தை மட்டும் சொல்லும். ஒட்டிய கம்பி ஏறுவதையும் இறங்குவதையும் முழுக்கோடாக வரையும். வாயொடுக்கத்தில் ஒட்டினால் மற்றுமோர் உண்மை வெளிப்படும். அங்கே வாயுவின் அமுக்கம் உச்சத்தின் சிறு பங்காகத் தாழ்ந்துவிட்டது. இருந்தும் விகாரம் எழுகிறது. நெருக்கப்பட்ட சன்னங்களே சுவரைத் தள்ளுகின்றன. ஈயத்துக்குப் பதிலாக உருக்குச் சன்னம் இட்டால் அவை நசுங்கிக் கொடுப்பதில்லை. ஒடுக்கம் நிலையாக வீங்குவதுமுண்டு. அமுக்கத்தை மட்டும் அளப்பவன் காணாத ஆபத்து இது. ஆணித் துண்டுகளை இட்ட குழாயில் என்ன நிகழும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

1914இல் தோன்றிய சர்வதேச சோதனை ஆணைக்குழு சாதாரண 12ஆம் இலக்கத் தோட்டாவுக்கு 740 பார் என எல்லை வகுத்துள்ளது. இலங்கை அதன் உறுப்பு நாடன்று. நீர் செல்வதற்கென நீளவாக்கில் பற்றவைத்த குழாய் சில பத்துப் பார் அமுக்கத்தை நோக்கிச் செய்யப்பட்டது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் வலப்பனைக் கமக்காரன் தன் கையை வைக்கிறான்.

நில்தண்டாஹின்னப் பக்கத்துக் கிராமமொன்றில் முதியவர் ஒருவர் தம் பாட்டனாரின் துவக்கை இக்கட்டுரையாளருக்குக் காட்டினார். அனுமதிப்பத்திரம் பொலித்தீன் உறையில் பத்திரமாயிருந்தது. துருவைத் துடைத்தபோது அடிப்புறத்தில் முடியும் செங்கோல்களும் தெரிந்தன. அவை எதற்கு என்று அவர் அறிந்திருக்கவில்லை. வாயிலிருந்து ஒரு சாண் கீழே குழல் மோதிரம்போல் வீங்கியிருந்தது. மழைநாளில் சேறு அடைத்ததை அறியாமல் சுட்டதாம். மருந்து எவ்வளவு இடுவீர்கள் என வினவினேன். இடிகோலைக் குழலுள் விட்டு, வாய்க்கு வெளியே நீண்ட பகுதியில் விரல்களைக் கிடையாக வைத்துக் காட்டினார்: பறவைக்கு மூன்று விரல், பன்றிக்கு நான்கு. "மருந்து ஈரமாயிருந்தால் ஐந்து, மாத்தையா" என்றார். ஐந்தாவது விரலை வைக்கும்போது குழல் என்ன செய்கிறது என்பதைப் பேராதனைப் பொறியியல் ஆய்வுகூடத்தில் ஒரு பிற்பகலில் அளந்துவிடலாம். அம்முதியவரின் துவக்கை அங்கே கொண்டுசெல்ல முதலில் இன்னுமோர் அனுமதிப்பத்திரம் வேண்டும்.